பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே! - பள்ளியில் டிஜிட்டல் எழுத்தறிவை எங்கிருந்து தொடங்குவது?

பள்ளியின் பொறுப்பில் இருக்கும் நீங்கள், டேப்லெட்டுக்கு விலைப்பட்டியல் வாங்கிவைத்துக்கொண்டு எழுதிய கடிதத்தில் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. தொழில்நுட்பம் நிறைந்த உலகத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யப் பள்ளி என்ன செய்ய வேண்டும்? கையில் இருக்கும் பணத்தை டேப்லெட் வாங்கப் போடுவதா, கோடிங் வகுப்பு தொடங்கப் போடுவதா? எந்த வகுப்பிலிருந்து ஆரம்பிப்பது? கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நடுக் கேள்விக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டிலும் போடாதீர்கள். முதல் வருடம் அந்தப் பணத்தை உங்கள் ஆசிரியர்களின் நேரத்துக்குச் செலவழியுங்கள். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பல வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு, அப்புறம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தவன் நான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஆசிரியர் அறையில் ஒரு வாக்கியம் காதில் விழும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுப்பது, அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!" நானும் ஒரு காலத்தில் இதை நம்பியவன்தான். ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். ஒரு பக்கம் தட்டச்சு செய், அதற்குப் பெயர் வைத்துச் சேமி, மூடு, மறுபடி திறந்து ஒரு வரி சேர், எனக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பு. அவ்வளவுதான். வீடியோவை வெட்டி ஒட்டி இசை சேர்ப்பதில் கில்லாடிகளான பிள்ளைகள் அவர்கள். பாதி வகுப்பு "மூடு" என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கோப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. "உள்ளேதான் இருக்கும் சார்." உள்ளே என்றால் எங்கே? ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற அடுக்கே அவர்கள் மனதில் இல்லை. குற்றம் அவர்கள் மேல் இல்லை. போன் செயலிகள் அந்த அடுக்கைக் கண்ணில் காட்டாமலேயே வேலை செய்யும்படி கட்டப்பட்டவை. வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பொருளைப் பயன்படுத்தப் பழகுவதற்கும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்திருப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

அமெரிக்கக் கல்வி எழுத்தாளரான மார்க் பிரென்ஸ்கி 2001-ல் ஒரு பிரிவினையைப் பிரபலமாக்கினார். கணினியோடு பிறந்து வளர்ந்தவர்கள் 'டிஜிட்டல் மண்ணின் மைந்தர்கள்', வயதான பிறகு பழகியவர்கள் 'குடியேறியவர்கள்' என்றார். கேட்க நன்றாக இருந்ததால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கணினி, தகவல் திறனைச் சோதிக்கும் ஐசிஐஎல்எஸ் என்ற சர்வதேச மதிப்பீடு உண்டு. 2018 சுற்றில் அதன் உச்ச நிலையைத் தொட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். தகவலைத் தானாகத் தேடி, நம்பலாமா என்று எடைபோட்டு, கேட்பவருக்கு ஏற்றபடி தொகுத்துக் கொடுப்பவர்கள் அந்த இரண்டு பேர்தான். மீதிப் பேரும் போனோடு வளர்ந்த பிள்ளைகள்தான்.

சரி, டிஜிட்டல் எழுத்தறிவு என்றால் என்ன? இந்தச் சொல்லை 1997-ல் பரவலாக்கிய எழுத்தாளர் பால் கில்ஸ்டர் அப்போதே தெளிவாகச் சொன்னார், இது எந்த விசையை அழுத்துவது என்பது பற்றியது இல்லை, சிந்தனையைப் பற்றியது என்று. பள்ளிகள் அதை மறந்துவிட்டு விசைகளைத்தான் சொல்லிக் கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் டிஜிகாம்ப் என்ற சட்டகம் ஐந்து பிரிவுகளில் 21 திறன்களைப் பட்டியலிடுகிறது. தகவலைத் தேடி மதிப்பிடுவது, பிறரோடு பேசிப் பழகி வேலை செய்வது, உள்ளடக்கம் உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கலைத் தீர்ப்பது. அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் பள்ளியின் தற்போதைய கம்ப்யூட்டர் பாடப் புத்தகம் இதில் எத்தனையைத் தொடுகிறது என்று டிக் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த பல புத்தகங்கள் மூன்று நான்கைத் தாண்டவில்லை. ரேம் (RAM) என்பதன் விரிவாக்கம் என்ன, சிபியு-வின் பாகங்கள் யாவை, இப்படியே போகும்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபான்ட்டி 2005-ல் அறிவித்தபோது உலகமே கைதட்டியது. அதைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திய நாடு பெரு. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கிக் கொடுத்தார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி ஒன்று அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆய்வு நடத்தி 2012-ல் முடிவை வெளியிட்டது. கணினிகள் உண்மையிலேயே பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவர்கள் பயன்படுத்தவும் செய்தார்கள். பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில் சிறிது முன்னேற்றம்கூட இருந்தது. ஆனால் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் எந்த மாற்றமும் தென்படவில்லை. பாடம் நடத்தும் முறை மாறவில்லை, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, கணினி மட்டும் வந்து இறங்கியது. 2015-ல், பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி, 15 வயது மாணவர்களுக்கு அது நடத்தும் பீசா என்ற சர்வதேசத் தேர்வின் முடிவுகளை வைத்துப் பார்த்தபோதும் இதே கதைதான். பள்ளிக் கணினிகளுக்கு ஏராளமாகச் செலவழித்த நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க உயர்வு காணவில்லை.

இதை வைத்துக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அலமாரியில் பூட்டி, ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் சார்ஜ் ஏற்றப்படும் டேப்லெட்டும் அப்படித்தான். எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எதற்காகத் திறக்கப் போகிறீர்கள் என்று ஒரு ஆசிரியர் எழுதிக் கொடுத்த பிறகு வாங்குங்கள். அதற்கு முன்னால் வாங்கினால் வாங்கியதை நியாயப்படுத்தப் பாடம் தேட வேண்டிவரும்.

இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அடுத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வருவதை எடைபோடுவது எப்படி என்பதுதான் அது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப்பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், 'விளம்பரதாரர் உள்ளடக்கம்' என்று குறிப்பிட்டிருந்த விளம்பரத்தைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். 2019-ல் அதே குழு 3,446 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரு மங்கலான வீடியோவைக் காட்டியது. அமெரிக்கத் தேர்தலில் கள்ள ஓட்டு போடுவதைக் காட்டுவதாகச் சொன்ன வீடியோ. உண்மையில் அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. மாணவர்களின் கையில் இணையம் இருந்தது, தேடிப் பார்க்கலாம் என்ற அனுமதியும் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதை வலுவான ஆதாரம் என்று எழுதினார்கள். அதன் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மூன்று சதவீதம் இல்லை, மூன்றே பேர்.

நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வைத்தியம் எழுதியிருக்கும். தளத்தில் தேதி இருக்கிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா, 'எங்களைப் பற்றி' என்ற பக்கம் இருக்கிறதா, முகவரி எதில் முடிகிறது, இதையெல்லாம் பார் என்று. இந்தப் பட்டியல் இன்று உதவாது என்பது மட்டுமில்லை, கெடுதலும் செய்கிறது. ஏமாற்ற நினைப்பவன்தான் இந்த ஐந்தையும் பளபளப்பாகச் செய்து வைப்பான். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழியும் நிலையில் இருப்பதாகச் சொல்லும் வேடிக்கைத் தளம் ஒன்று 1998-லிருந்து இணையத்தில் இருக்கிறது. படம், வாழிடம், 'காப்பாற்றுங்கள்' என்ற வேண்டுகோள், எல்லாம் கச்சிதம். 2006-ல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டினார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள். கிட்டத்தட்ட எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

அப்படியென்றால் என்னதான் சொல்லிக் கொடுப்பது? இதற்கு நல்ல விடை 2017-ல் கிடைத்தது. அதே ஸ்டான்ஃபோர்டு குழுவின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்து, ஒரு தளத்தை நம்பலாமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். 25 பேர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், மீதி 10 பேர் தகவல் சரிபார்ப்பைத் தொழிலாகச் செய்பவர்கள். மாணவர்களும் வரலாற்றாசிரியர்களில் பலரும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள். வடிவமைப்பையும் மேற்கோள்களையும் நடையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தைப் படிக்கவே இல்லை. சில நொடிகளில் வெளியே வந்து, புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், இதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள், இது பள்ளிக்கு எவ்வளவு சங்கடமான செய்தி! "ஊன்றிப் படி, முழுவதும் படி" என்றுதான் நாம் பன்னிரண்டு வருடமும் சொல்கிறோம். இணையத்தில் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. இது படிக்கத் தகுந்ததா என்று வெளியே விசாரித்துவிட்டு வந்து, பிறகு ஊன்றிப் படிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற வரனைப் பற்றி வரனிடமே கேட்டு முடிவு செய்ய மாட்டோம், அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்போம். மாணவர்களிடம் இந்த உவமையைச் சொன்னால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்கிறார்கள்.

இதைக் கற்றுக்கொடுக்கத் தனிப் பாடவேளை தேவையில்லை. சொல்லப்போனால் தனிப் பாடவேளையில் வைத்தால் செத்துப்போகும். அறிவியல் ஆசிரியர் ஒரு மருத்துவச் செய்தியை எடுத்துவந்து, வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில், தன் திரையை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டே, வாய்விட்டு யோசித்துக்கொண்டே சரிபார்த்துக் காட்டட்டும். "இந்தப் பெயரைத் தேடுகிறேன். முதல் இரண்டும் விளம்பரம், விட்டுவிடுகிறேன். மூன்றாவது அவர்களே தங்களைப் பற்றி எழுதியது. கீழே போகிறேன்…" அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தேடல் முடிவுகளில் முதலில் வருவதை உடனே அழுத்தாமல், கீழே வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதை அழுத்துவது என்று முடிவெடுப்பதே ஒரு தனித் திறன். கணித ஆசிரியர் பத்திரிகையில் வந்த பட்டை வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து, செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 95-ல் தொடங்கினால் சின்ன வித்தியாசம் எப்படி மலையாகத் தெரிகிறது என்று காட்டலாம். மொழி ஆசிரியர் தலைப்பையும் உள்ளே இருக்கும் செய்தியையும் அருகருகே வைத்து, தலைப்பு எங்கே வாக்குத் தவறியது என்று கேட்கலாம். இவற்றில் இரண்டுக்குக் கணினிகூட வேண்டாம், அச்சடித்த தாள் போதும்.

படங்களைப் பற்றி ஒன்று. செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தில் ஆறு விரல் இருக்கும், காது கோணலாக இருக்கும் என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்தக் குறைகள் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் குறைந்துகொண்டே வருகின்றன. போன வருடம் சொன்ன அடையாளம் இந்த வருடம் பொய்த்துப்போனால், பிள்ளை "விரல் சரியாகத்தானே இருக்கிறது, அப்போது உண்மைதான்" என்று முடிவு கட்டும். படத்துக்குள் துழாவுவதை விட்டு, படத்தை வைத்தே தேடும் வசதியைப் பயன்படுத்தி, இது முதலில் எங்கே எப்போது வந்தது என்று தேடச் சொல்லுங்கள். பழைய வெள்ளத்தின் படம் புதிய வெள்ளமாக வலம்வருவதை அவர்களே ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் போதும். அன்று மாலை வீட்டில் பெரியவர்கள் ஃபார்வர்டு செய்த படங்களுக்கெல்லாம் விசாரணை நடக்கும். (இதனால் வரும் குடும்பச் சண்டைகளுக்கு நான் பொறுப்பில்லை.)

அடுத்தது, இலவசச் செயலிகள் எப்படி இயங்குகின்றன என்பது. இதற்கு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் கூட்டாளிகளும் 1990-களில் உருவாக்கிய ஒரு மரபு இருக்கிறது. கணினியே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லிக்கொடுப்பது. 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் இட்ட ஐந்து அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்து, 0, 1 இரண்டை மட்டும் கொண்டு எழுதும் இரும எண்களைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்த வழியில் நான் வகுப்பில் நடத்தும் ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். ஐம்பது அட்டைகளில் ஐம்பது வீடியோ தலைப்புகளை எழுதுங்கள். விளையாட்டு, சமையல், சிரிப்பு, சண்டை, வதந்தி, பாடம் எல்லாம் கலந்து. ஒரு மாணவி 'பார்ப்பவர்'. மூன்று பேர் சேர்ந்து 'செயலி'. செயலிக்கு ஒரே விதி: பார்ப்பவர் எழுந்து போய்விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் மூன்று அட்டை நீட்ட வேண்டும், அவள் ஒன்றை எடுப்பாள். அதை வைத்து அடுத்த மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துச் சுற்றுக்குள் அவள் கையில் பெரும்பாலும் ஒரே வகை அட்டைகள் சேர்ந்துவிடும். அப்போது கேளுங்கள்: உனக்கு யாராவது பொய் சொன்னார்களா? இல்லை. யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. பாட அட்டைகள் எங்கே போயின? 'செயலி'யாக இருந்த மூவர் சொல்வது இன்னும் சுவாரசியம். "நாங்கள் பாடம் நீட்டினால் அவள் போய்விடுவாளே!" ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் வராத புரிதல் இது.

கோடிங் பற்றிச் சுருக்கமாக. வேண்டும், ஆனால் விளம்பரங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1967-ல் பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். அதில் பிள்ளை கட்டளை எழுதி ஒரு ஆமை உருவத்தை நகர்த்த முயன்று தவறி, எங்கே தவறினோம் என்று தேடித் திருத்துவதைத்தான் முக்கியமாக நினைத்தார்கள். 2007-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டளைத் துண்டுகளை அடுக்கியே நிரல் எழுதும் மென்பொருள், அதன் வாரிசு. இலவசம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதில் விளையாடவிடுங்கள், போதும். எட்டு வயதுப் பிள்ளை செயலி எழுதி நிறுவனம் தொடங்கும் என்று விற்கப்படும் தொகுப்புகளை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 2012-ல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம், பள்ளிகளில் கணினிப் பாடம் வெறும் அலுவலக மென்பொருள் பழக்கமாகச் சுருங்கிவிட்டது என்று கண்டித்தது. 2014-ல் பாடத்திட்டத்தையே மாற்றி ஐந்து வயதிலிருந்து நிரலாக்கச் சிந்தனையைக் கொண்டுவந்தார்கள். மாற்றம் சரிதான். ஆனால் சொல்லிக் கொடுக்கத் தகுதியான ஆசிரியர்கள் போதவில்லை என்பதுதான் அதற்கு அப்புறம் அங்கே பெரிய பேச்சாக இருந்தது. திரும்பவும் ஆசிரியரிடமே வந்து நிற்கிறோம்.

பாதுகாப்பு என்றதும் பள்ளிகள் யாரையாவது அழைத்துவந்து பயமுறுத்தும் கூட்டம் ஒன்று நடத்தும். பயந்த பிள்ளை ஜாக்கிரதையாகிவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு, பிள்ளை ரகசியமாகிவிடுகிறது. யாரோ மிரட்டுகிறார்கள், ஒரு படம் கைமீறிப் போய்விட்டது என்ற நிலையில் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், "சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்" என்பதுதான். ஆகவே பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுங்கள். சொல்ல வருபவரிடம் முதல் கேள்வி "ஏன் செய்தாய்" என்று இருக்காது, போன் பறிமுதல் ஆகாது என்று. அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மற்ற நுட்பங்கள் எளியவை. மாதாமாதம் மாற்றும் சிக்கலான கடவுச்சொல்லைவிட நீளமான கடவுச்சொல் மேல். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமே 2017-ல் கட்டாய மாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வைக்கச் சொல்லுங்கள். எந்தச் செய்தியாவது "உடனே, இப்போதே, இல்லாவிட்டால்" என்று அவசரப்படுத்தினால் கையை எடுத்துவிட்டு ஒரு பெரியவரிடம் காட்டு. ஓடிபி யார் கேட்டாலும் கிடையாது. இந்த மூன்றும் ஒரு வகுப்பில் முடிந்துவிடும். பள்ளியும் தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். மாணவர் படத்தை முழுப்பெயர், வகுப்பு, பரிசு விவரத்தோடு எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டு, தனிப்பட்ட விவரங்களைப் பகிராதே என்று அவர்களிடம் சொன்னால் யார் கேட்பார்கள்?

இனி எல்லோரும் கேட்கும் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த சில மாதங்களில் பள்ளிகள் தடை போட்டன. அப்புறம், கணினி எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை வாங்கின. இரண்டாவது முதலாவதைவிட மோசம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இப்படிப்பட்ட கருவிகள் 'இயந்திரம் எழுதியது' என்று தவறாகச் சொன்னதாக அதே ஆண்டில் ஒரு ஆய்வு காட்டியது. எளிய நடையில் ஒழுங்காக எழுதிய பிள்ளை திருடன் ஆகிறது. ஒரு மென்பொருளின் சதவீதத்தை மட்டும் வைத்து எந்த மாணவரையும் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

சொல்லிக்கொடுக்க வேண்டியது இந்த இயந்திரத்தின் இயல்பை. ஏராளமான எழுத்தைப் படித்து, இதற்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதும் அமைப்பு அது. சரளத்துக்குக் குறைவிருக்காது, உண்மைக்கு உத்தரவாதம் கிடையாது. 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அதைக் கேட்டு, இல்லாத வழக்குகளை மேற்கோளாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்தவர்களுக்கே அந்தக் கதி. வகுப்பில் நான் செய்வது இது: மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி, தங்கள் பள்ளியைப் பற்றியோ, தாங்கள் ஆழமாகப் படித்த ஒரு பாடத்தைப் பற்றியோ ஒரு பக்கம் எழுதச்சொல்லிக் கேட்பார்கள். அச்சடித்துக் கொடுத்துச் சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்வேன். தமிழில் கேட்டால் பேனாவுக்கு வேலை இன்னும் கூடும். இயந்திரம் படித்த எழுத்தில் தமிழின் பங்கு குறைவு. "தெரிந்த விஷயத்திலேயே இவ்வளவு உளறினால், தெரியாததில் எவ்வளவு உளறும்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்வி வந்த பிறகு அவனைத் தடுக்க வேண்டியதில்லை. வயது விஷயத்தில் யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகட்டும் என்றது. நானும் அதற்குக் கீழே போகச் சொல்ல மாட்டேன்.

வீட்டுப்பாடத்தை மாற்ற வேண்டிவரும், வேறு வழியில்லை. 'மழைநீர் சேகரிப்பு பற்றி இரண்டு பக்கம்' என்ற ஒப்படைப்பு முடிந்துபோன கதை. உண்மையைச் சொன்னால் அது முன்பும் புத்தகத்தைப் பார்த்து எழுதியதுதான். முதல் வரைவு வகுப்பிலேயே கையால் எழுதட்டும், வீட்டில் திருத்தட்டும், திரும்பி வந்ததும் இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். இன்னொன்று, எந்த வீட்டுப்பாடமும் வீட்டில் பிள்ளைக்கென்று தனிக் கருவி இருக்கும் என்ற நினைப்பில் கொடுக்கப்படக் கூடாது. ஒரே போனை நாலு பேர் பகிரும் வீடுகள் நிறைய.

டிஜிட்டல் எழுத்தறிவு என்ற பெயரில் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். 2018-ல் 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தகவல் தரும் உரைகளை, அதுவும் நேர நெருக்கடியில் படிக்கும்போது, திரையைவிடத் தாளில் படித்தவர்களுக்கே நன்றாகப் புரிந்தது. முன்பே திரைக்கு மாறிப்போன ஸ்வீடன் 2023-ல் அச்சுப் புத்தகங்களுக்கு நிதி ஒதுக்கிப் பின்வாங்கியது. சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கவாட்டு வாசிப்பும் வராது. அடித்தளம் பழைய எழுத்தறிவுதான்.

ஆசிரியர்கள். ஒரு நாள் பட்டறை, மதியம் சாப்பாடு, கையில் சான்றிதழ், இதனால் ஒன்றும் மாறாது. நானே அப்படிப்பட்ட பட்டறைகள் நூற்றுக்கு மேல் நடத்தியிருக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். மாறியது எங்கே என்றால், வாரத்தில் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, ஒரே பாடம் நடத்தும் இரண்டு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து, அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு பத்து நிமிடப் பயிற்சியைத் தயாரித்து, நடத்திப் பார்த்து, மறுவாரம் எங்கே சொதப்பியது என்று பேசிய பள்ளிகளில்தான். அந்தப் பாடவேளைக்கு மாற்று ஆசிரியர் வைக்க ஆகும் செலவுதான் நான் முதலில் சொன்ன 'ஆசிரியர் நேரம்'. மாணவர் முன்னால் "எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்ல ஒரு ஆசிரியருக்குத் தைரியம் வர, தலைமையாசிரியர் முதலில் ஆசிரியர் கூட்டத்தில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

தேர்வும் இதற்கேற்ப இருக்கட்டும். ஒரு கூற்றைக் கொடுத்து, இணையத்தோடு 15 நிமிடம் கொடுத்து, உண்மையா பொய்யா என்ற விடைக்குக் குறைவாகவும், சரிபார்க்க என்ன செய்தாய் என்பதற்கு அதிகமாகவும் மதிப்பெண் போடுங்கள்.

எந்த வகுப்பிலிருந்து என்று கேட்டீர்களே. முதல் வகுப்பிலிருந்தே, ஆனால் கருவி இல்லாமல். ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டி "இதை எடுத்தவர் எங்கே நின்றிருப்பார், எதற்காக எடுத்திருப்பார்?" என்று கேட்கலாம். கதைக்கும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் கேட்கலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் இரண்டு மொழித் தட்டச்சும், கோப்பு, ஃபோல்டர் பழக்கமும். ஆறிலிருந்து எட்டு வரைதான் நெஞ்சுப் பகுதி: பக்கவாட்டு வாசிப்பு, வரைபடங்கள், அட்டை விளையாட்டு, ஸ்கிராட்ச். ஒன்பதுக்கு மேல் செயற்கை நுண்ணறிவும் தனியுரிமையும் பதிப்புரிமையும்.

டேப்லெட்டுக்கு விலைப்பட்டியல் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு மதியம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருள் பற்றிய இரண்டு இணையப் பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று நம்பகமானது, மற்றொன்று அழகானது. ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பேரிடம் இருபது நிமிடம் கொடுத்து, எதை நம்புவீர்கள், ஏன் என்று எழுதச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள், எத்தனை பேர் புதிய டேப் திறக்கிறார்கள் என்று. அதே இரண்டு பக்கங்களை அன்று மாலையே ஆசிரியர்களிடமும் கொடுங்கள். நீங்களும் உட்காருங்கள்.